உவரில் கழுவிய முகம்

கனிசியஸ் அண்ணையின் ஸ்டூடியோவில் திரைச்சீலை இருந்ததே இல்லை. மற்றப் படக்காரர்கள் அன்னமும் மாடிப்படியும் வரைந்த சீலைக்கு முன்னால் ஆட்களை நிறுத்துவார்கள். இவர் தன் வளவுக்குப் பின்னால் பனை உயரத்துக்கு நின்ற மணற்கும்பிக்கு முன்னால் நிறுத்துவார். எங்கள் வடமராட்சிக் கரையில் அந்தக் காலத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளின் முதல்நன்மைப் படம், கலியாணப் படம் எதை எடுத்துப் பார்த்தாலும் தலைக்கு மேலே மணல் தெரியும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகள் வெளிநாட்டுக்கு ஓடினார்கள். அவர்களின் காசு ஊருக்கு ஓடி வந்தது. மண்வீடுகள் இருந்த இடத்தில் மேல்மாடி வைத்த கல்வீடுகள் எழும்பின. கட்ட மணல் வேண்டுமே. வீடு கட்டிக் கொடுக்கிற கொந்தராத்துக்காரன் தம்பிராசா தன் லொறிகளைக் கும்பிக்குள் விட்டான்.

கனிசியஸ் அண்ணை போய்க் கேட்டார். பக்கத்து வளவுக்காரன் என்று நானும் கூடப் போனேன்.

"தம்பி, கும்பியை விட்டிடும். உதுதான் எங்கடை கிணறுகளிலை நல்ல தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்குது."

"கும்பி என்ன உம்மடை சீதனமே? படத்துக்குப் பின்னாலை கட்ட ஒரு சீலைதானே வேணும். நான் வாங்கித் தாறன்."

லொறிக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

கனிசியஸ் அண்ணை நத்தாருக்கு நத்தார், கிறிஸ்து பிறந்த நாளில், மனைவி செபஸ்தியம்மாவை அதே இடத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். முதல் படத்தில் மணல் அவவின் தலைக்கு மேலே. அடுத்ததில் தோள் மட்டம். அதற்கடுத்ததில் இடுப்பு. அக்கா வளர்ந்துவிட்டா என்று சிலர் பகிடி விட்டார்கள். கடைசிப் படத்தில் அவவுக்குப் பின்னால் வெறும் கடல்.

அந்த வருடமே கிணறு உவராகிவிட்டது. செபஸ்தியம்மாவின் வாழைகள் கருகின. அந்தத் தண்ணீரில் கழுவிய படங்கள் காய்ந்து சில நாளில் வெள்ளை பூத்தன. கொண்டுபோனவர்கள் திரும்பி வந்து திட்டினார்கள். கரவெட்டியிலிருந்து சைக்கிளில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொஞ்சக் காலம் சமாளித்தார், ஆனால் ஆட்கள் வேறு ஸ்டூடியோக்களுக்குப் போய்விட்டார்கள்.

பிறகு தம்பிராசாவின் தாய் செத்துப்போனா. தமையன்மார் இருவரும் ஜேர்மனியில், வர வழியில்லை. பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கிற படம்தான் அவர்கள் தாயைக் கடைசியாகக் காணும் வழி. அன்றைக்கு றோட்டில் ஆமி. வேறு படக்காரர் ஒருவரும் வெளிக்கிடவில்லை. தம்பிராசா ஆள் அனுப்ப, கனிசியஸ் அண்ணை கமெராவைத் தூக்கினார்.

"உங்களுக்கு வெக்கம் இல்லையே அண்ணை?" என்று கேட்டேன்.

"பொறும்" என்றார்.

படச்சுருளையும் ஒரேயொரு படத்தையும் கரவெட்டித் தண்ணீரில் கழுவினார். தம்பிராசாவுக்குக் கொடுக்க வேண்டிய படங்கள் எல்லாவற்றையும் தன் கிணற்றுத் தண்ணீரில் கழுவினார். கொடுக்கும்போது அவை நன்றாகத்தான் இருந்தன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வருவதற்குள் கிழவியின் முகம் வெள்ளை பூத்து அழிந்துவிட்டது.

தம்பிராசா படங்களைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். கனிசியஸ் அண்ணை கிணற்றில் அள்ளி ஒரு செம்பு நீட்டினார்.

"குடியும்."

ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினான்.

"உதிலைதான் கழுவினனான். நீர் தந்த தண்ணி."

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பார்கள். இங்கே தண்ணீரே உப்பு. எனக்குச் சந்தோசமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

"வேறை படம் இல்லையே அண்ணை?" அவன் குரல் இறங்கியிருந்தது. "அண்ணன்மார் அம்மாவின்ரை முகத்தைக் காணேல்லை."

கனிசியஸ் அண்ணை ஸ்டூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே செபஸ்தியம்மாவின் நத்தார் படங்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் பக்கத்தில், மாசு மறுவில்லாமல், கிழவியின் முகம்.

"இருக்குது. கும்பியைக் கொண்டுவந்து போட்டிட்டு அம்மாவைக் கொண்டுபோம்."

அடுத்த கிழமை தம்பிராசா எங்கிருந்தோ ஒரு லொறி மணல் கொண்டுவந்து கிணற்றடியில் கொட்டினான். சோளகக் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. கனிசியஸ் அண்ணை எட்டியும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் வெள்ளிக்கிழமைகளில் வந்து, றோட்டோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கும்பிடத் தொடங்கினான். கனிசியஸ் அண்ணை அதை இரண்டு மூன்று தடவை பார்த்தார். பிறகு பருத்தித்துறைக்குப் போய், கண்ணாடியை உள்ளிருந்து மூடுமளவுக்கு ஒரு சீலை வாங்கி வந்தார்.