சுரைக்காய்க்குச் செருப்பு மாட்டிய பிரம்மநாயகி

தச்சநல்லூரில் பிள்ளைகளுக்குக் குவாட் பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பிரம்மநாயகியின் முதல் வகுப்பைப் பார்த்தவர்கள் அன்றைக்குச் சுரைக்காய்க் கூட்டு சாப்பிட மாட்டார்கள். நானும் சாப்பிடவில்லை. என் மகள் கோமு மட்டும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

குவாட் பைக் என்பது பைக்குக்கும் ஜீப்புக்கும் நடுவில் பிறந்த குட்டி வண்டி. கொழுத்த சக்கரம் நாலு, பைக்குக்கு இருப்பதுபோல ஹேண்டில்பார். வலது கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். பருப்பு மொத்த வியாபாரி பூதலிங்கம் அண்ணாச்சி சுற்றுலா போன இடத்தில் இதைப் பார்த்து மயங்கி, மூன்று வண்டி வாங்கிவந்து, ஓடாமல் கிடந்த தன் அரிசி ஆலைக் களத்தில் இறக்கினார். நெல் காயப்போட்ட களம், நல்ல சமதரை. சொல்லிக்கொடுக்க ஆள் தேடியபோது கிடைத்தவள்தான் பிரம்மநாயகி. பேட்டையில் பெண்களுக்கு ஸ்கூட்டர் பழக்கிக்கொண்டிருந்தவள், நாற்பது வயது. குரலுக்கு மைக் தேவையில்லை. களத்தில் அவள் அதட்டினால் பைபாஸில் போகிற லாரிக்காரன் பிரேக்கில் கால் வைப்பான்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. நடக்கப் பழகும் முன்பே அப்பாவின் பைக்கில் பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து, தாங்கள்தான் ஓட்டுவதாக நம்பி வளர்கிறவர்கள். அதனால் குவாட் பைக்கில் ஏற்றினாலும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, பின்னால் அப்பா ஏறுவார் என்று காத்திருப்பார்கள். அப்பாக்கள் அதற்கு மேல். வண்டி லேசாக ஆடினால் போதும், வேலிக்கு வெளியே நின்று "ஏலே, கால ஊனு! கால ஊனு!" என்று கத்துவார்கள். இரண்டு சக்கர வண்டிக்கு அது சரி. நாலு சக்கரம் நின்றபடியே நிற்கும். காலை ஊன்றினால் பின்சக்கரம் அந்தக் காலின் மேல்தான் ஏறும்.

இதை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் பிரம்மநாயகி சுரைக்காய்க்கு மாறினாள். முற்றிய காயாகப் பார்த்து வாங்கி, அதற்கு ஒரு பழைய செருப்பை மாட்டி, கால் ஊன்றும் இடத்தில் வைத்துவிட்டு வண்டியை நகர்த்துவாள். சத் என்று ஒரு சத்தம். விதை நாலு பக்கமும் தெறிக்கும். அம்மாமார்கள் முகத்தை மூடிக்கொள்வார்கள். ஒரு அப்பாவுக்குச் சோடா உடைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகள் மட்டும் "டீச்சர், இன்னொருக்கா!" என்று குதிக்கும். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் காலைக் கீழே இறக்கியதில்லை. கோமு சாப்பாட்டு மேசையில்கூடக் காலை மடக்கிக்கொண்டுதான் உட்காருகிறாள்.

வண்டிக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கயிறு உண்டு. இழுத்தால் எஞ்சின் அணைந்துவிடும். புதுப் பிள்ளை ஓட்டும்போது நாயகி அதைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவாள். அண்ணாச்சிக்கு இது மட்டும் பிடிக்காது. "கன்னுக்குட்டிய ஓட்டிட்டுப் போற மாதிரில்லா இருக்கு. பாக்கவனுக்கு வண்டி மேலயே நம்பிக்க போயிரும்" என்பார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். கேட்காத மாதிரி இருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆயுத பூஜை வந்தது. அண்ணாச்சி சொந்தபந்தம் முழுவதையும், வண்டி பழகும் பிள்ளைகளின் வீட்டாரையும் களத்துக்கு அழைத்துவிட்டார். பந்தல், நாற்காலி, அண்டா நிறையச் சுண்டல். பூஜை முடிந்ததும் அவர் பேரன் மகேசு, ஆறு வயது, முதல் வண்டியை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. பையன் பழக ஆரம்பித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

நாயகி பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் கேன்வாஸ் ஷூவோடு வந்தாள். அவளும் பக்திக்காரிதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுத்தான் ஹெல்மெட்டையே மாட்டுவாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்ததை அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஹெல்மெட் கண்ணாடியில் யாரோ சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்திருந்தார்கள், அதை முந்தானையால் துடைத்தாள். ஹேண்டில்பாரில் தொங்கிய ஆளுயரச் செவ்வந்தி மாலையைப் பார்த்தபோதுதான் நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, பூச முடிஞ்சிட்டு. மாலையக் கழட்டிட்டுப் பிள்ளைய ஏத்துவோம்."

"ஏம்மா, சாமிக்குப் போட்ட மாலைய அன்னைக்கே கழட்டுவாகளா? அவசகுனம் புடிச்ச மாதி பேசுத."

"அப்ப நான் கயிறப் புடிச்சிட்டு ஓடுதேன்."

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு நாயகி. இன்னைக்கு என் சொந்தக்காரங்க முன்னால வண்டிய நிறுத்தி, என் பேரனத் தலகுனிய வச்சேன்னு வையி, நாளைக்கு நீ வர வேண்டாம்."

அவளுக்கு அந்த வேலை உயிர். புருஷனுக்குப் பேட்டை லேத் பட்டறையில் பாதி நாள்தான் வேலை என்பது ஒரு பக்கம். ஒன்றும் தெரியாமல் வந்த பிள்ளை வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். என்றைக்கும் இல்லாத வழக்கமாக அன்றைக்கு அவள் பாதி இறங்கிவந்தாள். மாலையைக் கழற்றவில்லை, தொங்கிய நுனியைச் சுருட்டிக் கட்டினாள். கயிற்றை மட்டும் விடவில்லை. பாதி இறங்கியது தப்பு. அதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

மகேசு கிளம்பினான். கைதட்டல். முதல் சுற்றில் சுருட்டிய மாலை அவிழ்ந்துகொண்டது. திரும்பும் இடத்தில் வண்டி மெதுவாக வேண்டும், ஆகவில்லை. நேராகப் பந்தலைப் பார்த்து வந்தது. சொந்தபந்தம் அதையும் விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டே இருந்தது. வண்டி சுண்டல் அண்டாவை நெருங்கியபோதுதான் தொன்னையும் கையுமாக நாலாப் பக்கமும் சிதறினார்கள். அண்ணாச்சியின் மச்சினர் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார், எதற்கென்று அவருக்கே தெரியாது.

திருப்பத்தில் கையை விட்டு நழுவிய கயிற்றை, நாயகி பட்டுச்சேலையோடு பாய்ந்து ஓடிவந்து பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். எஞ்சின் அணைந்து, வண்டி அண்டாவில் லேசாக முட்டி நின்றது.

"நல்ல நாளும் அதுவுமா எதுக்கு நிறுத்துன?" அண்ணாச்சி பந்தலே அதிரக் கத்தினார். "சொன்னேன்லா? நாளையிலருந்து இந்தக் களத்துப் பக்கம் வராத!"

நாயகிக்கு மூச்சு வாங்கியதில் வாய் திறக்க முடியவில்லை.

மகேசுதான் பேசினான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அழுகைக் குரல். "தாத்தா, நான் அமுக்கவே இல்ல. வெரல எடுத்துட்டேன். அதுவாப் போச்சு."

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். விசையில் மாலையின் வாழைநார் நாலு சுற்று சுற்றி, இறுக்கி அழுத்திப் பிடித்திருந்தது. நசுங்கிய செவ்வந்தி இதழ்கள் பையனின் கையில் ஒட்டியிருந்தன. அண்ணாச்சி நாரை அவிழ்க்கப் பார்த்தார். அது இன்னும் இறுகியது. நாயகிதான் பல்லால் கடித்து அறுத்தாள்.

அண்ணாச்சி "முருகா, முருகா" என்று முனகிக்கொண்டே மூன்று வண்டி மாலையையும் தன் கையாலேயே கழற்றி, சாமி படத்தின் காலடியில் வைத்தார்.

"இப்பவே அவன ஒரு சுத்து ஓட விடணும், அண்ணாச்சி. இல்லன்னா பயம் உள்ள உக்காந்துக்கிடும்" என்றாள் நாயகி.

"தாத்தா வந்தாத்தான் ஏறுவேன்" என்றான் மகேசு.

"ஒரு வண்டிக்கு ஒரு ஆளுதான்" என்றாள் அவள். "தாத்தா வேணும்னா பக்கத்துல ஓடி வரட்டும். ஆனா அண்ணாச்சி, தோளுல கெடக்க துண்டு சக்கரத்துல மாட்டும்."

பூதலிங்கம் அண்ணாச்சி தோள் துண்டை நாலு பேர் முன்னால் இறக்கி யாரும் பார்த்ததில்லை. அவர் சொந்தபந்தத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து மச்சினர் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார்.

வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றதும் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "நாயகி, நீயும் கூட வா, தாயி. எனக்குப் பயமா இருக்கு."