விருந்தாளிக்கு நெல்லுச்சோறு

எழுபதுகளில் எங்கள் மலை வீட்டில் தினமும் சாமைச் சோறுதான். பக்கத்து மலையூரிலிருந்து அக்காவின் மாமனார் வந்தால் மட்டும், ஜமுனாமரத்தூர் சந்தையில் வாங்கிப் பத்திரப்படுத்திய அரிசியை அம்மா பொங்குவாள். சாமை போட்டால் மரியாதைக் குறைவாம், யார் சொன்னதோ. எங்களுக்கான சாமை பின்புறம் தனி அடுப்பில் வேகும்.

ஒருமுறை அவர் பாதிச் சோற்றை இலையில் ஒதுக்கிவிட்டுக் காற்றை முகர்ந்தார்.

"பின்னாடி சாமை வேவுதா தங்கச்சி? அதுல ரெண்டு கை போடும்மா. இது வயித்துல நிக்கமாட்டேங்குது."

"உங்களுக்குப் போயி சாமையா..." என்று அம்மா இழுத்தாள்.

"நீங்க வர்றப்ப நாங்களும் நெல்லுச்சோறுதான் ஆக்குறோம். எங்க வூட்ல மட்டும் இன்னா, தெனமும் அரிசியா?"

இருவரும் சிரித்தார்கள். மொச்சைக் குழம்பு ஊற்றி அவர் சாமையைப் பிசைந்த வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது. அம்மாவின் மனப்பான்மை மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த முறை அவர் வந்தபோதும் அவள் அரிசியைத்தான் களைந்தாள்.

இப்போது நகரத்தில் என் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சாமை சமைக்கிறேன். இன்றைக்கு அதுதான் கௌரவம். அவர்கள் போனதும் நாங்கள் அரிசிச் சோறு போட்டுக்கொள்கிறோம்.