பவுண்டுக் கோலம்

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றுக்குத்தான் தெரியும். மூளைக்குத் தகவல் போய்ச் சேர்வதற்குள் நான் பாத்ரூமில் இருப்பேன். அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நான்கு முறை போய்வந்தேன்.

"இன்னிக்கு வேலை லேப்டாப்புக்கா, தண்ணித் தொட்டிக்கா?" என்றாள் மனைவி. அவளுக்கு அரைப்பரீட்சை லீவு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். லீவில் திட்டுவதற்குப் பிள்ளைகள் கிடைக்காவிட்டால் என்னை வைத்துச் சமாளித்துக்கொள்வாள்.

விஷயம் இதுதான். பன்னிரண்டு மணிக்குள் நான் புது லேப்டாப்பிலிருந்து எங்கள் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டருக்குள் நுழைந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சலுகை ரத்து. அடுத்த மாதம் முதல் சென்னை.

இதை வெள்ளிக்கிழமை போனில் சொன்னவர் என் மேனேஜர். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். வார்த்தைக்கு வார்த்தை சார் போடுவார். அந்த சாரில்தான் எனக்குப் பயமே.

"உங்களுக்கு அங்க ஏதாவது கஷ்டம்னா சிரமப்படாதீங்க சார். இங்க உங்களுக்கு சீட் ரெடியா இருக்கு. ஆனா திங்கட்கிழமை பன்னெண்டுக்குள்ள லாகின் ஆகலைன்னா சென்னைக்கு வர்றவங்க லிஸ்ட்ல உங்க பேரைக் குடுத்துருவேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க சார்."

நான் ஏற்கெனவே எட்டு வருஷம் சென்னையில் இருந்தவன். அறைக்கு நான்கு கட்டில், அதில் மேல் கட்டில் எனக்கு. வாராவாரம் ஊருக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பை கட்டுவேன். அந்த நீலப் பையின் ஜிப் சத்தம் கேட்டாலே, அப்போது சின்னவளாக இருந்த என் மகள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். நான் கதவைத் தட்டி, "உள்ளே யாரு, திருடனா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்துவிட்டுக் கிளம்புவேன். பஸ் ஏறிய பிறகு என்னைச் சிரிக்க வைக்க யாரும் இருக்க மாட்டார்கள். இப்போது அவள் வேலைக்குப் போய்க் கோவையில் இருக்கிறாள். பை மட்டும் பரணில் இருக்கிறது. ஐந்து வருஷமாக அதை நான் தொட்டதில்லை.

எங்கள் கம்பெனி ஓர் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி; வேலை நடப்பது அங்கே இருக்கும் அதன் மெயின்ஃபிரேமில். அது அறை அளவு கம்ப்யூட்டர். மவுஸ் என்றால் அதற்கு என்னவென்றே தெரியாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் மட்டும் பேசும். அதனோடு பேச முன்பெல்லாம் டெர்மினல் என்று கனமான ஒரு பெட்டி இருந்தது. இப்போது பெட்டி இல்லை. லேப்டாப்பில் எமுலேட்டர் என்றொரு சாஃப்ட்வேரை ஏற்றினால், அது அந்தப் பழைய பெட்டி போல வேஷம் கட்டி மெயின்ஃபிரேமை நம்பவைக்கும். வேஷத்துக்கு அளவெடுத்துத் தைப்பதைத்தான் கான்ஃபிகர் செய்வது என்கிறார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பச்சைத் திரையில் வேலை பார்க்கிறேன். ஒரு தடவைகூட நானே கான்ஃபிகர் செய்ததில்லை. இது கம்பெனிக்குத் தெரியாது. எப்போது லேப்டாப் மாறினாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாலக்கரையில் இருக்கும் என் நண்பன் வந்து செய்து கொடுத்துவிட்டு, பிரியாணி சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டுப் போவான். சொல்லப்போனால் அவன் கூலி கொடுத்துவிட்டு வேலை செய்தான்.

சனிக்கிழமை கூரியர்காரர் புது லேப்டாப்போடு வந்தார். "பழசைக் குடுத்தாத்தான் புதுசு சார்" என்றார். பாத்திரக்காரரிடம் பழைய பேன்ட்டைக் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டேன். அவர் பைக் தெருமுனை திரும்பிய பிறகுதான் எல்லா செட்டிங்கும் அதற்குள் போகிறது என்பது உறைத்தது. நண்பனுக்கு போன் போட்டேன்.

"செட்டிங்கை எக்ஸ்போர்ட் பண்ணி வச்சியா மாப்ள?"

"எக்ஸ்போர்ட் பண்றதுக்கு நான் என்ன வாழைக்காய் மண்டியா வச்சிருக்கேன்?"

"வெளங்கிரும். நான் வரலாம். ஆனா உங்க ஊர்ல ஏகாதசிக் கூட்டத்துக்கு ரோட்டையெல்லாம் அடைச்சு வச்சிருக்கானுவளே. நான் பாலம் தாண்டி வந்து சேர்றதுக்குள்ள நீ சென்னைக்கே போயிருப்ப. அட்ரஸும் போர்ட் நம்பரும் சொல்றேன், எழுதிக்க. மத்ததெல்லாம் அதுவே கேக்கும், பதில் சொல்லு. அவ்ளோதான்."

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் எழுதிக்கொண்டேன். 'அவ்ளோதான்' என்பதையும் சேர்த்து எழுதினேன். தைரியத்துக்கு.

திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். கல்லூரியில் நான் கறுப்புச் சட்டைக்காரன். ராகு காலம் பார்ப்பவர்களைக் கிண்டலடித்தே டீக்கடையில் ஆள் சேர்த்தவன். அந்தத் திங்கட்கிழமையோ ஒன்பது அடிக்கும் வரை லேப்டாப்பின் மூடியைக்கூடத் தொடவில்லை. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது ஒன்றுக்குக் காபியை வைத்துவிட்டு, "பெரியார் பேரன் எழுந்துக்கலாம்" என்றாள்.

எமுலேட்டரைத் திறந்தேன். அது ஒவ்வொன்றாகக் கேட்டது. அட்ரஸ் கேட்டது, கொடுத்தேன். போர்ட் கேட்டது, கொடுத்தேன். திரை எத்தனை வரி என்றது. இருபத்துநான்கு என்று அதுவே போட்டு வைத்திருந்தது, நான் மரியாதைக்குத் தலையாட்டினேன். அடுத்து, மெயின்ஃபிரேம் பக்கத்து எழுத்து அட்டவணை எந்த நாட்டுடையது என்று கேட்டு ஒரு நீளப் பட்டியலைக் காட்டியது. இந்தியாவைத் தேடினேன். ஐஸ்லாந்து இருந்தது, இத்தாலி இருந்தது, இந்தியா இல்லை. மேலும் கீழும் மூன்று தடவை போனேன். பந்தியில் இலை கிடைக்காதவன் மாதிரி இருந்தது. சரி, நமக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது யார்? வெள்ளைக்காரன். கலருக்கு நடுவில் ஒரு யூ போட்டு எழுதாததற்குக் கையில் பிரம்படி வாங்கியவன் நான். யுனைடெட் கிங்டமைத் தொட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கனெக்ட் கொடுத்ததும் திரை ஒரு நொடி கறுத்தது. என் கண்ணும்தான். அப்புறம் பச்சையாக வந்து நின்றது எங்கள் கம்பெனியின் வரவேற்புப் பக்கம். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு குறும்புக்காரன் கம்பெனியின் முதலெழுத்தை, சின்னச் சின்னக் குறிகளை அடுக்கிப் புள்ளிக் கோலம் மாதிரி பெரிதாக வரைந்து வைத்திருப்பான். அதைக் கண்டதும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி கண் கலங்கிவிட்டது.

பெயரை அடித்தேன். பாஸ்வேர்டை அடித்தேன். பாஸ்வேர்டு திரையில் தெரியாது, எழுதும் இடம் காலியாகவே இருக்கும். என்டரைத் தட்டினேன். கர்சர் என்கிற அந்தச் சின்னக் கோடு அடுத்த வரிக்குப் போய் நின்றது. அவ்வளவுதான். மறுபடி தட்டினேன். இன்னொரு வரி இறங்கியது. பயத்தில் ஒன்பது தடவை தட்டினேன், அது திரையின் அடிக்கு இறங்கி, சுற்றிக்கொண்டு மேலிருந்து வந்தது.  நண்பனுக்கு போன்.

"மீட்டிங்ல இருக்கேன், சீக்கிரம் சொல்லு."

"என்டர் செத்துப்போச்சுடா!"

"சாகலை. அந்தக் காலத்துப் பெட்டியில என்டர் வேற இடத்துல இருந்துச்சு. வலது பக்கக் கன்ட்ரோலை அமுக்கு."

"இத்தனை வருஷம் என்டரைத்தானே அமுக்கினேன்?"

"உனக்காக நான் மாத்திக் குடுத்திருந்தேன் மாப்ள. நீ பயப்படுவியேன்னு சொல்லலை."

வலது கன்ட்ரோலை அமுக்கினேன். உடனே பதில் வந்தது. பாஸ்வேர்டு தவறு.

மணி பத்து பத்து. அவசரத்தில் தப்பாக அடித்திருப்பேன் என்று நினைத்தேன். இடது கையின் ஒரே விரலால், எழுத்து எழுத்தாக, வாய்க்குள் சொல்லிக்கொண்டே மறுபடி அடித்தேன். கன்ட்ரோல். பாஸ்வேர்டு தவறு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது தடவையும் தவறினால் என் பெயரையே அது பூட்டிவிடும். திறக்க அமெரிக்காவுக்கு எழுத வேண்டும். அங்கே ஆள் எழுந்து பல் தேய்த்து வேலைக்கு வர, நமக்குச் சாயங்காலம் ஆகிவிடும். பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் கையில் லிஸ்ட் இருக்கும், லிஸ்ட்டில் நான் இருப்பேன்.

ஐந்தாவது தடவையாகப் பாத்ரூம் போனேன். திரும்பி வரும்போது கூடத்து மூலையில் அதைப் பார்த்தேன். நீலப் பை. மனைவி அதைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, ஜிப்பைத் திறந்து போட்டிருந்தாள்.

"இதை ஏன் எடுத்த?"

"சும்மா. வெயில்ல காயட்டும்னு."

கூடத்தில் ஏது வெயில்?  அவள் என் முகத்தைப் பார்க்காமல் கொத்தவரங்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பயம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதுவரை என் பயத்தில் கொஞ்சம் நாடகமும் இருந்தது. அந்தப் பையைப் பார்த்ததும் நாடகம் போய்விட்டது. பயம் மட்டும் மிஞ்சியது.

மணி பத்தரை தாண்டியது. "இப்ப எமகண்டம். பன்னெண்டு வரைக்கும் அதைத் தொடாதீங்க" என்றாள்.

"பன்னெண்டுக்கு அவன் போன் பண்ணுவாண்டி."

"அப்ப ஒரு நிமிஷம் முன்னாடி தொடுங்க."

லேப்டாப்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஏகாதசிக் கூட்டத்துக்கு மைக்கில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்: வரிசையில் வாங்க, தள்ளாதீங்க, குழந்தைகளைக் கையில பிடிச்சுக்குங்க. என்னையும் யாராவது கையில் பிடித்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. நண்பனுக்கு மூன்று முறை போட்டேன், எடுக்கவில்லை. கேப்ஸ் லாக்கைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், கம்பெனி விதிப்படி அதுவே குற்றம். உடனே தாளைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டேன். பிறகு துப்பினேன்.

பதினொன்றேகாலுக்கு மனைவி மோர் கொண்டுவந்தாள். டம்ளரை வைத்துவிட்டு, என் தோளுக்கு மேலாகத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஐந்து வருஷமாக இந்த மேஜைக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்து, என் கம்பெனித் திரையை என்னைவிட நிதானமாகப் பார்த்தவள் அவள்தான்.

"என்னங்க, உங்க கோலம் மாறியிருக்கு?"

"எந்தக் கோலம்?"

"இதுதான். எப்பவும் டாலர் டாலரா இருக்குமே. இப்ப பவுண்டா இருக்கு. உங்க கம்பெனி என்ன லண்டனுக்குப் போயிருச்சா?"

பார்த்தேன். அந்தப் பெரிய எழுத்து முழுக்கப் பவுண்டு. காலையிலிருந்து இரண்டு மணி நேரம் அதையே வெறித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பவுண்டுகூட என் கண்ணில் படவில்லை.

யுனைடெட் கிங்டம்!

என் பாஸ்வேர்டின் கடைசி எழுத்து டாலர். ஏதாவது ஒரு குறி வேண்டும் என்று கம்பெனி கட்டாயப்படுத்தியதால் ஆசைக்கு வைத்தது. நான் டாலரை அடிக்க, என் லேப்டாப் பிரிட்டன் அட்டவணையில் டாலருக்கு உள்ள எண்ணை அனுப்பியிருக்கிறது. அந்தப் பக்கம் அமெரிக்க அட்டவணையை வைத்துப் படிக்கிற மெஷினுக்கு அது வேறேதோ எழுத்து. நான் சரியாகத்தான் அடித்தேன். வெள்ளைக்காரன் நடுவில் புகுந்து மாற்றிவிட்டான். கறுப்புச் சட்டை போட்டு, தாய்மொழிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன், ஐம்பத்திரண்டு வயதில் தானாகவே போய் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

இணைப்பைத் துண்டித்தேன். பட்டியலில் யுனைடெட் ஸ்டேட்ஸ் அடுத்த வரியிலேயே இருந்தது. மாற்றிவிட்டு மறுபடி திறந்தேன். கோலம் முழுக்க டாலர்.

பெயர் அடித்தேன். பாஸ்வேர்டு அடித்தேன். விரல் வலது கன்ட்ரோல் மேல் போய் நின்றது. நின்றதுதான், இறங்கவில்லை. நம்முடைய கணக்கு சரி, ஆனால் இரண்டாவது தடவை அடிக்கும்போதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. இன்னொரு அட்டவணை, இன்னொரு பட்டியல் எங்கேயாவது ஒளிந்திருந்தால்? மணி பதினொன்று இருபத்தைந்து. எமகண்டம் முடிய இன்னும் முப்பத்தைந்து நிமிஷம்.

"பன்னெண்டாகட்டுமே" என்றேன். கறுப்புச் சட்டையின் கடைசிப் பொத்தானும் போயிற்று.

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். மூலையில் இருந்த பையைப் பார்த்தாள். கொத்தவரங்காய் ஒட்டியிருந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"எதுங்க, இதுவா?" என்று கேட்டு, நான் வாய் திறப்பதற்குள் அமுக்கிவிட்டாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏதோ குட் மார்னிங்னு வருதுங்க" என்றாள்.

கண்ணைத் திறந்தேன். உள்ளே இருந்தேன். என் பெயர், அதன் கீழே நான் கடைசியாக வந்த நாளும் நேரமும், பிறகு எப்போதும் வருகிற மெனு. அவ்வளவு அழகான மெனுவை எந்த ஓட்டலிலும் நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டுக்கு மேனேஜர் போன் செய்தார். "செட்டப்ல ஏதும் பிரச்னை இல்லையே சார்?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். அஞ்சு நிமிஷ வேலை" என்றேன். பின்னால் சமையலறையில் ஒரு டம்ளர் வேண்டுமென்றே சத்தமாக வைக்கப்பட்டது.

போனை வைத்தவுடன் எல்லா செட்டிங்கையும் எக்ஸ்போர்ட் செய்து தனியாகப் பத்திரப்படுத்தினேன். காலண்டர் தாளில் 'அவ்ளோதான்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, யுனைடெட் ஸ்டேட்ஸ் என்றும் வலது கன்ட்ரோல் என்றும் எழுதினேன்.

"பையை மேல ஏத்திருங்க" என்றாள் மனைவி.

"வெயில்ல காய வேண்டாமா?"

"காஞ்சது போதும்."

ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.  அவள் ஒரு கையால் ஸ்டூலையும் இன்னொரு கையால் என் முழங்காலையும் பிடித்துக்கொண்டாள். பை கனத்தது. ஜிப்பை மூடப் போனபோது உள்ளே பார்த்தேன். என்னுடைய இரண்டு லுங்கி, ஒரு துண்டு, தேங்காய் எண்ணெய் பாட்டில், அதற்குக் கீழே அவளுடைய நான்கு புடவை, மடித்து.

"இதெல்லாம் யாருக்கு?" என்றேன் மேலேயிருந்து.

"லீவு இன்னும் பத்து நாள் இருக்குல்ல. மேல் கட்டில் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரலாம்னுதான்" என்றாள். ஸ்டூலை அவள் விடவில்லை.