டீச்சரின் காருக்கு மூன்று டிஃபரன்ஷல்

பெட்ரோலுக்காக மூன்று நாள் வரிசையில் நின்று, என் மச்சான் மகனுடைய கல்யாணத்தையும் கல்யாணச் சாப்பாட்டையும் நான் தவறவிட்ட கதை ஹட்டனில் பல பேருக்குத் தெரியும். என் சம்சாரம் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். அதற்கு அடுத்த வருசம்தான் இது நடந்தது. மழை விட்டு, மலைக்கு யாத்திரை போகிறவர்கள் நல்லதண்ணி பஸ்ஸில் முண்டியடித்து ஏறத் தொடங்கியிருந்த நேரம்.

ஒரு காலையில் சித்ரா டீச்சரின் கார் என் கராஜுக்கு வந்தது. காருக்கு முன்னால் வாசம் வந்தது. ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெய் கருகினால் அடிப்பிடித்த பருப்புச் சட்டி மாதிரி நாறும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். மூக்கை வைத்துத்தான் முக்கால்வாசி வேலை பார்த்தேன்.

டீச்சர் கோயில் படியில் விழுந்ததிலிருந்து இடது முழங்காலை மடக்க முடியாது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் ஆட்டோ கியர் வைத்த பழைய ஜப்பான் கார் வாங்கினார். அதைப் பார்த்து எடுத்துக் கொடுத்தது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

"அண்ணே, ஸ்கூல் மேட்டுல கார் ஏற மாட்டேங்குது. நேத்து பாதியில நின்னுருச்சு. பொம்பளைங்க எறங்கித் தள்ளினாங்க."

எந்தப் பொம்பளைங்க என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால் இதை எழுதும் வேலையே இல்லை.

"வேற கார் பாக்கலாமே டீச்சர்."

"எங்கண்ணே பாக்குறது? இந்த மாசத்துக்குள்ள சரியாகலேன்னா டவுன் ஸ்கூலுக்கு மாத்தம் எழுதிக் குடுக்கணும். மாத்த ஃபோம் பேக்லதான் இருக்கு. பதினோரு புள்ளைங்க ஓ.எல். பரீட்ச எழுதுதுங்க. கணக்குக்கு அங்க வேற ஆளே இல்ல."

அந்தப் பாடசாலை திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து பெரிய ரோட்டில் தலவாக்கலைப் பக்கம் போய், பிறகு தோட்டத்து ரோட்டில் இரண்டு மைல் ஏற வேண்டும். நடந்து ஏறும் முழங்கால் அவருக்கு இல்லை.

முதல் பிழை

டிஃபரன்ஷல் என்பது பின் அச்சில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி. பெரிய சக்கரம் கிரவுன், சின்னது பினியன். டீச்சரின் காரில் கிரவுனுக்கு முப்பத்தொன்பது பல், பினியனுக்குப் பத்து. பினியன் நாலு சுற்றுக்குக் கொஞ்சம் குறைய சுற்றினால் வீல் ஒரு சுற்று வரும். இந்தக் கணக்கு கூடினால் மலையில் பலம், சமதரையில் இரைச்சல். குறைந்தால் ரோட்டில் சொகுசு, மலையில் மூச்சிரைப்பு.

நான் சோக்கட்டியால் பல்லில் கோடு போட்டு எண்ணுவதைப் பார்த்து டீச்சர் சிரித்தார்.

"மூணு தசம் ஒம்பதுண்ணே."

"நாங்க அத நாலுக்குக் கொறையன்னு சொல்லுவோம் டீச்சர். கார் ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஓடும்."

"இப்ப ஓடலையே!"

ரோசம் வந்துவிட்டது. பழைய சாமான் கடை ரியாஸ் நானாவிடம் போனேன். ஒரு வேனுடைய டிஃபரன்ஷல் வைத்திருந்தார். முப்பத்தொன்பதுக்கு எட்டு. அஞ்சுக்கு நூலளவு குறைவு. போல்ட் துளை எல்லாம் அப்படியே பொருந்தியது. பூட்டி, கராஜுக்குப் பின்னால் இருக்கிற ஏற்றத்தில் நான் மட்டும் உட்கார்ந்து ஓட்டினேன். ஆடு மாதிரி ஏறியது. எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே டீச்சர் திரும்பி வந்தார். மறுபடியும் வாசம் முதலில் வந்தது.

"ஏறுதா டீச்சர்?"

"ஏறுதுண்ணே. ஆனா கருகுன நாத்தம் போகல. பெரிய ரோட்டுல மாவு மில்லு மாதிரி கத்துது. மீட்டர்ல அறுவது காட்டுது, பின்னால வர்ற பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். வீட்டுல உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன். மீட்டர்ல அறுவதுன்னா உண்மையில நாப்பத்தெட்டு. மூணு நாளா ஸ்கூலுக்கு லேட்டு. பிரின்சிபல் கேட்டா என்னா சொல்ல? என் கார் சத்தத்துலதான் வேகமா போகுதுன்னா?"

மீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. டிஃபரன்ஷலை மாற்றினால் மீட்டர் பொய் சொல்லும். அதை நான் மறந்திருந்தேன். நாற்பது வருசத் தொழில்.

வேனுடையது சரிவரவில்லை என்று சொல்ல ரியாஸ் நானாவிடம் மறுபடியும் போனேன். அவர் நாற்காலியை விட்டு எழும்பவே இல்லை.

"என்னா அண்ணே, டிஃபரன்ஷல வாங்கிட்டுப் போனீங்களா, வாடகைக்கு எடுத்துட்டுப் போனீங்களா?"

"எண்ணெ கருகுது நானா."

"அப்ப கன்வர்ட்டர்தான். ரேஸ் காரோடது ஒண்ணு இருக்கு. கால வச்சா பாயும்."

டோர்க் கன்வர்ட்டர் கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற எண்ணெய்க் குடம். உள்ளே எதிரெதிராக இரண்டு விசிறி. இன்ஜின் பக்கத்து விசிறி எண்ணெயை அடிக்கும், அந்த அடியில் கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி சுற்றும். வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் முறுக்கினால் அடித்த அடியெல்லாம் சூடாகும். நானா காட்டிய கன்வர்ட்டர் லூஸ் ஜாதி. இன்ஜின் நன்றாக முறுக்கின பிறகுதான் பிடிக்கும். ரேஸ் ஓடுகிறவனுக்கு அது நல்லது. தினம் மேடு ஏறுகிற காருக்கு அது அடுப்பு. இதெல்லாம் தெரிந்தும் அதைக் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். ரோசம் அப்படிப்பட்டது.

கியர்பாக்ஸை இறக்க ஜாக்கியை எடுக்கும்போது டீச்சர் தடுத்தார்.

"கழட்டுறதுக்கு முந்தி ஒரு நாள் என்கூட வாங்கண்ணே. மேட்டை நீங்க கண்ணால பாக்கவே இல்ல."

மூன்றாவது வளைவு

மறுநாள் காலை ஆறரைக்கு ஏறி உட்கார்ந்தேன். பெரிய ரோடு முடியுமட்டும் இரைச்சலில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. தோட்டத்து ரோட்டில் திரும்பினோம். முதல் வளைவு சுகமாக ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது வளைவுதான் ஆகச் செங்குத்து. சரியாக அதன் நடுவில் டீச்சர் நிறுத்தினார்.

"இங்க ஏன் டீச்சர்?"

"லயத்து வீடுகள்லேருந்து வர்ற பாதை இங்கதான் எறங்குது."

பாதையில் மாரியாயி அக்காவும் இன்னொரு பெண்ணும் இறங்கி வந்தார்கள். இரண்டு பேரும் பிள்ளைகள் பாடசாலையில் சாப்பிடும் சோற்றை வீட்டில் ஆக்கிக் கொண்டுபோகிற தாய்மார். ஆளுக்கொரு பெரிய சோற்றுச் சட்டி. கூட ஒரு பருப்பு வாளி. டிக்கியைத் திறந்தார்கள். சாக்கு விரித்தார்கள். சட்டி சாய்கிறது என்று எடுத்துத் திருப்பி வைத்தார்கள்.

"இன்னிக்கி ஆம்பள ஆளு வந்திருக்கு, தள்ளுறதுக்கு நாங்க எறங்கத் தேவயில்ல," என்றார் மாரியாயி அக்கா.

நான் சிரிக்கவில்லை. டீச்சரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் பிரேக்கில் இல்லை. ஹேண்ட் பிரேக் கீழேயே கிடந்தது. எக்ஸலேட்டரை மிதித்து, இன்ஜினை முறுக்கி, கார் பின்னால் உருளாமல் அந்தச் செங்குத்தில் நிறுத்தி வைத்திருந்தார். சட்டி ஏறி, வாளி ஏறி, ஆட்கள் ஏறிக் கதவு சாத்த ஐந்து நிமிசம். ஐந்து நிமிசமும் கன்வர்ட்டருக்குள் எண்ணெய் வெந்துகொண்டிருந்தது. பருப்பு வாசம் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியது.

"டீச்சர்! இப்படி நிப்பாட்ட எந்த மடையன் சொல்லிக் குடுத்தான்?"

டீச்சர் என் பக்கம் திரும்பினார். சிரிப்பை அடக்கிய முகம்.

"நீங்கதாண்ணே. மொத நாளு. 'ஆட்டோ காருக்கு ஹேண்ட் பிரேக்கே வேணாம் டீச்சர், எக்ஸலேட்டர்ல லேசா கால வச்சா எந்த மலையிலயும் நிக்கும்'னு சொன்னீங்க."

சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் காரைப் புகழ்ந்து பேசின வேகத்தில் வந்தது. கேட்டவர் கணக்கு டீச்சர். ஒரு எழுத்து விடாமல் மனதில் வைத்திருந்தார்.

பின்சீட்டில் மாரியாயி அக்கா சோற்றுச் சட்டியைவிட அதிகமாகக் குலுங்கினார்.

பிறகு நடந்தது சுருக்கம்தான். அந்த வளைவுக்கு மேலே முப்பதடி தள்ளிச் சின்னப் பாலத்தில் ரோடு சமமாக இருக்கிறது. இனி அங்கேதான் கார் நிற்கும் என்று பேசிக்கொண்டோம். "முப்பதடி நடந்தா எங்களுக்கும் ஒடம்பு கொறையும்," என்றார் அக்கா. ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கினேன். கருகின எண்ணெயை மாற்றி, முன்னால் ஒரு எண்ணெய் கூலர் வைத்தேன். பழைய கன்வர்ட்டர் அப்படியே இருந்தது. ஆள், சட்டி, வாளி எல்லாப் பாரத்துக்கும் பழைய 'நாலுக்குக் குறைய' போதாது. வேனுடைய அஞ்சு பெரிய ரோட்டுக்கு ஆகாது. நானாவிடம் நாற்பத்து மூன்றுக்குப் பத்து ஒன்று வாங்கிப் பூட்டினேன், நாங்கள் நாலேகால் என்பது. "நாலு தசம் மூணுண்ணே, நாலேகால விடக் கொஞ்சம் கூட," என்று டீச்சர் திருத்தினார். இந்த முறை சட்டிகளோடுதான் ஓட்டிப் பார்த்தேன்.

கன்வர்ட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ரியாஸ் நானா, "இதுவும் வாடகைதானா?" என்றார்.

மாதக் கடைசியில் டீச்சர் வந்து அந்த இடமாற்ற ஃபோமை என்னிடம் கொடுத்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "பல்லு எண்ணி எழுத வச்சுக்குங்கண்ணே," என்றார். பதினோரு பிள்ளைகளும் அவரிடம்தான் கணக்குப் படித்துப் பரீட்சை எழுதினார்கள்.

பல் எண்ணுவதற்கு முன்னால் ஓட்டுகிறவரோடு, அவருடைய பாரத்தோடு, அவருடைய ரோட்டில் ஒரு தடவை போய் வர வேண்டும். எனக்கு அது விளங்க நாற்பது வருசமும் இரண்டு சோற்றுச் சட்டியும் தேவைப்பட்டன. இதைப் படிக்கிறவர்கள் மேட்டில் ஆட்டோ கார் ஓட்டுகிற யாரிடமாவது, பிரேக்கைப் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். எக்ஸலேட்டரில் நிற்க வேண்டாம். யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லத் தேவையில்லை. மாரியாயி அக்கா ஏற்கனவே தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார்.