சபினா வாங்காத ரொட்டி

குஸ்கோ நகரத்தில், சான் பிளாஸ் மேட்டுக்கு ஏறுகிற கல்படிச் சந்தில், நீலக் கதவு போட்ட ஒரு விடுதி இருக்கிறது. ஏழு கட்டில், ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு கயிற்றுத் தூளி. முதுகில் மூட்டை சுமந்து உலகம் சுற்றுகிற பிள்ளைகள் இரண்டு நாள் என்று சொல்லி வந்து இரண்டு வாரம் தங்கிவிடுவார்கள். இவ்வளவு நிம்மதியாக எங்கேயும் இருந்ததில்லை என்று தூளியில் படுத்தபடியே சபினாவிடம் சொல்வார்கள். அவளும் "நல்லது மகளே" என்று சொல்லிவிட்டு, அவர்கள் படுத்தெழுந்த விரிப்புகளைத் துவைக்கப் போவாள்.

அதே சந்தில் குடியிருந்தவள், புருஷன் இறந்த வருஷம் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தாள். பதினோரு வருஷம் ஆகிறது. முதலாளியம்மா லிமாவில் இருக்கிறாள். ஒரு நாள்கூட வீட்டில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது என்பது அவள் கட்டளை. அதனால் சந்தை, கோயில், திரும்ப நீலக் கதவு, அவ்வளவுதான் சபினாவின் நடை. எத்தனையோ தேசங்களுக்குப் போகிறவர்களை அந்த வாசலில் நின்று சிலுவை போட்டு வழியனுப்பியிருக்கிறாள். அவள் மட்டும் கடலைக்கூடப் பார்த்ததில்லை. கூடப் பிறந்த அக்கா தெயோபிலா கடலோரத்தில் இலோ என்கிற ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்தும் பதினோரு வருஷம்.

இந்த வருஷம் முதலாளியம்மா மனம் இரங்கினாள். "மே முதல் வாரம் என் அண்ணன் மகனுக்கு லீவு. அவன் வந்து இருப்பான். நீ அஞ்சு நாள் போயிட்டு வா" என்று போனில் சொன்னாள். சபினா அன்றைக்கே பேருந்துச் சீட்டு வாங்கி, ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். ஒவ்வொரு நாளும் ஜெபம் முடிந்ததும் அது இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பாள்.

ஆனால் மே மூன்றாம் தேதி சிலுவைத் திருநாள். சந்தின் உச்சியில் இருக்கும் மரச்சிலுவைக்குப் புதுத்துணி சாத்தி, முந்தின ராத்திரி முழுக்கத் தெருவே விழித்திருக்கும். அந்தந்த வருஷத்துப் பொறுப்பாளர் மார்ச் மாதமே பெரிய வட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வீடு வீடாக வருவார். அதை வாங்கி ஒரு விள்ளல் தின்றுவிட்டால் போதும், அவர் கேட்கிறதைத் திருநாளுக்குச் செய்தே ஆகவேண்டும். பூ, மெழுகுவத்தி, வாணம், மேளம் எல்லாம் அப்படித்தான் வந்து சேரும். வேண்டாம் என்று நேருக்கு நேர் சொல்ல யாருக்கும் வாய் வராது. சொன்னால் சிலுவையையே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது போல. ஆள் வீட்டில் இல்லையென்றால் மட்டும் குற்றமில்லை. அதனால் மார்ச்சில் அந்தச் சந்தில் பாதிப் பேர் வீட்டில் இருக்கமாட்டார்கள். ஜன்னல் திரைகள் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும்.

இந்த வருஷத்துப் பொறுப்பாளர் செருப்புத் தைக்கும் மெலித்தோன். சபினாவிடம் அவர் கேட்கப்போவது போஞ்சே என்று எல்லோருக்கும் தெரியும். வறுத்த மொச்சை மாவைப் பாலில் கரைத்து, பட்டை கிராம்பு போட்டுக் காய்ச்சுகிற பானம் அது. விழித்திருக்கும் ராத்திரியின் குளிருக்கு அவள் கைப் போஞ்சே வேண்டும். வாங்கினால் இலோ போக முடியாது. ஆகவே மூன்று வாரம் ஒளிந்தாள். கோயிலில்கூடப் பக்கவாசல் ஓரமாக உட்கார்ந்தாள். டென்மார்க்கிலிருந்து வந்து பதினெட்டு நாளாகத் தூளியில் கிடக்கும் கிர்ஸ்டன் என்கிற பெண்ணிடம், "பழுப்புத் தொப்பி போட்டவர் வந்தா நான் இல்லைன்னு சொல்லு" என்று சொல்லிவைத்தாள். ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஊரில் அதை யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை என்பதால் அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மொட்டைமாடியில் விரிப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"சபினா தங்கச்சி இருக்காளா?"

"இல்லீங்க" என்றாள் கிர்ஸ்டன். "இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க."

மாடியில் சபினா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படியா. இல்லாதவ இல்லாமலே இருக்கட்டும். வீட்டுக்குன்னு இதையாவது வாங்கிக்கம்மா, கை கடுக்குது."

"ஐயோ, ரொம்ப நன்றிங்க."

சபினா இறங்கி வருவதற்குள் பாதி ரொட்டி போய்விட்டது. கிர்ஸ்டன் வாய் ஓரத்தில் ஜாம்.

"தின்னுட்டியா?"

"உங்களுக்குப் பாதி வெச்சிருக்கேன் சபினாக்கா. எவ்ளோ நல்ல மனுஷன்."

"ஆமா" என்றாள் சபினா. "ரொம்ப நல்லவரு."

அதே அளவில் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு மெலித்தோன் கடைக்குப் போனாள்.

"என்ன தங்கச்சி, வீட்ல இல்லைன்னாங்க?"

"அண்ணே, அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. இந்தாங்க, அதே ரொட்டி."

"நான் கொடுத்தது இது இல்லையே. அது வயித்துல இல்ல இருக்கு."

"என் வயித்துல இல்லையே அண்ணே."

"உன் வீட்டு வயித்துல. மூணு வாரமா நீ ஒளியறது எனக்குத் தெரியாதா? போன வியாழக்கிழமை உன் மாடியில விரிப்புக்கடியில ரெண்டு செருப்பு நின்னுச்சு. அதுக்கு அடி தச்சவனே நான்தான்."

வேறு வழியில்லாமல் சீட்டைப் பற்றிச் சொன்னாள். மெலித்தோன் ஊசியைக் கீழே வைத்தார்.

"நான் மட்டும் ஆசைப்பட்டா ஏத்துக்கிட்டேன்? போன வருஷம் குளிச்சிட்டிருந்தேன். இந்த வருஷப் பொறுப்புக்கு வந்த ரொட்டிய என் வீட்டுக்காரி வாங்கித் தின்னுட்டா. தலை துவட்டிட்டு வரேன், பொறுப்பாளர் ஆயிட்டேன்."

சபினாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு அழுகையும் வந்தது.

"ஒண்ணு செய்" என்றார் அவர். "சிலுவைகிட்டயே போய்ச் சொல்லு. அது விட்டா நானும் விட்டேன். விடலைன்னா, கூட மாட ஒத்தாசைக்கு நீயும் யாருக்காவது ரொட்டி கொடுத்துக் கட்டிக்க. பொறுப்பு எடுத்தவங்க எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க?"

படியேறினாள். ஐந்தே நாள் ஆண்டவரே என்று சொல்லத்தான் போனாள். அங்கே நின்றபோது, புருஷன் செத்த ஒன்பது நாளும் இதே சந்துக்காரர்கள் இதே இடத்தில் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் கையில் சூடான கோப்பையை வைத்தது மெலித்தோனின் மனைவிதான். சபினா சிலுவை போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் கிர்ஸ்டன் முகம் சிவந்துபோனாள். "நான் இருந்து காய்ச்சறேன். நீங்க போங்க."

"காலையில நீ முட்டைய என்ன பண்ணினன்னு பார்த்தேனே. மொச்சையக் கருக்கிடுவ."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

மெலித்தோன் வாங்காத ரொட்டி மேசைமேல் அப்படியே இருந்தது. சபினா அதை எடுத்துத் துணியில் சுற்றினாள்.

"நீ இங்கேருந்து எங்க போற?"

"கடல் பக்கம்."

"மூட்டையில இடம் இருக்கா?"

நான்காம் நாள் காலையில் போன் வந்தது. தெயோபிலா.

"ஏன்டி, பனைமரம் மாதிரி ஒருத்தி என் கடை வாசல்ல வந்து நின்னா. கையில நம்ம ஊரு ரொட்டி."

"வாங்கிட்டியாக்கா?"

"ராத்திரி பூரா பஸ்ஸுல மடியில வெச்சுக்கிட்டு வந்திருக்கா, எப்படி வாங்காம இருக்கறது? வாங்கினப்புறம்தான் உறைச்சுது. என்ன கேக்கற?"

"மே ரெண்டாம் தேதி. போஞ்சே கிண்ட ஒரு ஆள்."

"நல்லா கேட்டடி. கடைய யாரு பார்ப்பா? நான் என்ன உன் விடுதியில படுத்துக் கெடக்கறவளா? ஒரு நாள் கதவு சாத்தினா அடுத்த நாள் எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க. இன்னும் பிக்கல. மேசைமேல வெச்சிருக்கேன். அந்தப் புள்ளைகிட்டயே திருப்பிக் கொடுத்துடவா?"

நீலக் கதவை யாரோ தட்டினார்கள். சபினா நகரவில்லை.

"காய்ஞ்சு போயிடும்கா" என்றாள்.

மறுமுனையில் ஏதோ சீராக இரைந்துகொண்டிருந்தது. அது கடலா, தெருவில் போகும் வண்டிகளா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் ரொட்டியின் மேலோடு உடையும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"சோம்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள் தெயோபிலா, வாய் நிறைய.

கதவை மறுபடியும் தட்டினார்கள். சபினா கண்ணைத் துடைத்துக்கொண்டு திறக்கப் போனாள்.