நிமிடக் கணக்கில் வெயில்

வெயிலை நிமிடக் கணக்கில் விற்கிற கடையில் எண்பதுகளில் நான் வேலை பார்த்தேன். விற்றது முதலாளி அம்மா, துடைத்தது நான்.

சுவிஸில், ஊஸ்டர் என்ற ஊரில், ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருந்த ஒரு சோலாரியம். ஆளைப் படுக்கவைத்து மூடுகிற கண்ணாடிக் கட்டில்கள், மேலும் கீழும் நீல ரியூப் லைட்டுகள். ஒருவர் எழும்பிப் போனதும் கண்ணாடியில் அவருடைய முதுகு வியர்வையாகக் கிடக்கும். அடுத்தவர் உடுப்புக் கழற்றி முடிப்பதற்குள் அந்த முதுகை அழித்துவிட வேண்டும். தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவள் நான். பிறருடைய வியர்வையைத் துடைத்துச் சம்பளம் வாங்கியவர்கள் இதை வாசிக்கிறீர்களென்றால் மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

என் நிறம்

முதல் பனிக்காலம். தெருவில் பனி, வானத்தில் பனி, வந்தவர்களின் முகத்திலும் அதே வெள்ளை. புதிதாக வந்த ஒரு பெண்மணி கையுறையைக் கழற்றிக்கொண்டே என் முழங்கையை நெடுநேரம் பார்த்தார். சட்டைக் கை நனையாதிருக்க நான் அதை முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருந்தேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் இருந்த முதலாளி அம்மா கெல்லரிடம் திரும்பி, "இவர் எந்தக் கட்டிலில் படுக்கிறவர்? எனக்கும் அதையே தாருங்கள்" என்றார்.

கெல்லர் அம்மா ஒருநாளும் அந்தக் கட்டில்களில் படுத்ததில்லை. தோல் சுருங்கிவிடுமாம். ஆனால் வியாபாரம் தெரிந்தவர். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: "இவருடையது பிறந்த அன்றே எடுத்த சந்தா, அம்மணி, உங்களுக்குப் பத்துத் தடவை அட்டை போதும்."

வெயிலுக்கு ஒத்திகை

ஹூபர் என்று ஒரு தம்பதி. அவருக்குக் காப்புறுதிக் கந்தோரில் வேலை, அவர் மனைவிக்கு அவரைக் கவனிப்பது வேலை. துபாய்க்கு விடுமுறை போகப் போகிறார்கள். அதற்காக, புறப்படுவதற்குச் சில கிழமை முன்பிருந்தே எங்களிடம் வந்து படுத்தார்கள். இது அங்கே பலருடைய வழக்கம். வெள்ளையாகப் போய் இறங்கினால் முதல் நாளே தோல் வெந்துவிடும். அதைவிட, ஹோட்டலில் எல்லோருக்கும் இவர் இன்றைக்குத்தான் வந்தவர் என்று தெரிந்துவிடும். ஆகவே வெயிலுக்குப் போவதற்குக் காசு கொடுத்து வெயிலில் படுத்தார்கள்.

தேங்காயெண்ணெய் மணக்கிற ஏதோ களிம்பைப் பூசிக்கொண்டு அவர்கள் படுத்துப் போன பிறகு கண்ணாடி வழுவழுவென்று இருக்கும். என்னோடு துடைக்க வந்த மலர், சாவகச்சேரிப் பெண், வாய் சும்மா இராது. ஹூபர் படுத்த கட்டிலைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதென்ன அக்கா, கடலுக்குப் போக முதல் வாளிக்குள்ளை காலை விட்டுப் பாக்கிற சனமாக் கிடக்கு!"

நான் அறிந்த துபாய்

நான் துபாய்க்குப் போனதில்லை. ஆனால் அந்த ஊரில் என்னைக் கொண்டுபோய் விட்டால் வழி தவற மாட்டேன். போய் வந்தவர்கள் இடுப்பில் துவாயைச் சுற்றிக்கொண்டு நின்று அவ்வளவு சொல்லியிருக்கிறார்கள். தங்கக் கடைத் தெருவில் காப்புகள் திரைச்சீலை மாதிரித் தொங்கும். ஊருக்கு நடுவே ஓடுகிற உப்பாற்றை மரப்படகில் கடக்கலாம், பக்கத்தில் இருப்பவர் மடியில் கோழியும் இருக்கும். பின்னேரம் மணல்மேட்டில் கம்பளம் விரித்து இறைச்சி சுட்டுத் தருவார்கள். சூரியன் விழும்போது யாரும் பேச மாட்டார்கள். அதை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்.

நான் கேட்டுக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இருந்தது. என் ஒரே மகன் ரவி அந்த ஊரில் இருந்தான். எண்பத்து மூன்றில் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அவனுக்குக் கிடைத்தது துபாய், எனக்குக் கிடைத்தது சுவிஸ். என் அகதி விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்தது. எல்லை தாண்டினால் திரும்ப விட மாட்டார்கள். அவன் இங்கே வர விசா இல்லை. தொலைபேசியில், "அம்மா, எனக்கு ஏசிக்குள்ளைதான் வேலை, கோட் போட்டுக்கொண்டு நிக்கிறன்" என்பான். நல்லது சொல்கிற பிள்ளை. அதனாலேயே நம்ப முடியவில்லை. அவனை நேரில் பார்த்த ஒரு கண் எனக்குத் தேவைப்பட்டது. அந்தக் கவலையோடு, அந்த ஊர் எப்படி என்று போய் வந்த ஒரு பல் வைத்தியரைக் கேட்டேன். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"ஹோட்டலுக்குள் கொஞ்சம் குளிர் அதிகம், நீச்சல் குளத்தைக்கூடக் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள், மற்றபடி அங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை."

பொட்டலம்

ஒருநாள் ஹூபர் தன் பயணப் புத்தகத்தை விரித்து ஹோட்டலின் படத்தைக் காட்டினார். நீலக் குடைகள், அதற்கப்பால் கடல். கீழே எழுதியிருந்தது, ரவி தான் வேலை செய்வதாகச் சொன்ன ஹோட்டலின் பெயர். அப்போது அங்கே கடற்கரை ஹோட்டல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றாலும், என் மகன் அங்கேதான் வேலை என்று ஹூபரிடமும் மலரிடமும் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

"பிறகென்ன அக்கா, போற ஆக்களிட்டைக் குடுத்து விடுங்கோவன்" என்றாள் மலர்.

எங்களுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் ஆட்கள் இருக்கிற ஊருக்கு யார் போனாலும் அவர் கையில் ஒரு பொட்டலம் போகும். வறுத்து, கோப்பி அரைக்கிற மெஷினில் அரைத்த கறித்தூளை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, மேலே ரவியின் பெயரை எழுதி, மறுநாள் ஹூபரிடம் நீட்டினேன். பெயர் தெரியாத மண்ணிறத் தூள், விமானம், சுங்கம். ஹூபரின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. நான் என்ன செய்துவிட்டேன் என்பது அவருடைய காதுகள் சிவந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவசரமாகப் பையைப் பிரித்து, ருசி பாருங்கள் என்றேன். மரியாதைக்கு ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணீர் வழிந்தது. இருமினார். பிறகு, என்ன நினைத்தாரோ, பையைத் தானே இறுக்கிக் கட்டித் தன் கந்தோர்ப் பெட்டிக்குள் வைத்தார்.

தண்ணீர் கொண்டுவந்த கெல்லர் அம்மா சொன்னார்: "சுங்கத்தில் கேட்டால் அவர்களுக்கும் ஒரு விரல் கொடுங்கள், வேறு சாட்சி வேண்டாம்."

குடைக்குக் கீழே

திரும்பி வந்தபோது ஹூபரின் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அத்தனை ஒத்திகையும் வீண். மனைவி ஒரு புகைப்படம் கொண்டுவந்தார். நீலக் குடையின் கீழ் இருவரும் சாய்ந்து கிடக்கிறார்கள், பக்கத்தில் இளநீர். ஓரத்தில், குடைக் கம்பைப் பிடித்தபடி ஒரு கை. ஆள் படத்துக்கு வெளியே.

"இதுதான் உங்கள் மகன். தங்கமான பிள்ளை. வெயில் நகர நகரக் குடையை நகர்த்திக்கொண்டே இருந்தான், காலையிலிருந்து மாலை வரை."

பெருவிரலின் வளைவு என் தகப்பனுடையது, சந்தேகமில்லை. கை மட்டும் எங்கள் வீட்டு நிறத்தில் இல்லை. கரிபோல இருந்தது. ஏசியும் கோட்டும் ஒரு கணத்தில் உதிர்ந்தன. நான் துடைக்கிற துணியை மடித்தேன், திரும்ப விரித்தேன், திரும்ப மடித்தேன். "வேறு ஏதாவது சொன்னானா?" என்று கேட்டேன்.

ஹூபரின் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பொட்டலத்தை மணந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான், அந்தப் பனிக்குள் அம்மாவுக்குக் கொஞ்சமாவது வெயில் படுகிறதா என்று, நாள் முழுக்க வெயிலோடுதான் இருக்கிறார் என்று சொன்னேன், அவனுக்கு எவ்வளவு சந்தோஷம்!"

வெயிலை வாங்குகிறவர்கள் எந்த எல்லையையும் தாண்டலாம், அதைத் துடைக்கிறவர்களும் அதில் நிற்கிறவர்களும் நின்ற இடத்திலேயே நிற்கலாம் என்பதே அந்தத் தொழிலில் நான் கண்ட மொத்தம்.