சேலைக் கடையில் தொண்ணூறு டிகிரி

இல்லாத ஓர் எண்ணை இருக்கிறது என்று நம்ப வைப்பதுதான் என் பிழைப்பு. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில், வேலைக்குப் போய்க்கொண்டே டிப்ளோமா படிக்கிறவர்களுக்கு ஏசி சர்க்கியூட், அதாவது மாறுமின்சாரக் கணக்கு, டியூஷன் எடுக்கிறேன். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளே, உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆற முடியும்.

மூன்றும் நான்கும்

ஷாகுல் அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லிஃப்ட் பழுதுபார்க்கும் டெக்னீஷியன், வீடு செங்காங்கில். கெட்டுப்போன லிஃப்டில் ஏறிப் போக முடியாது அல்லவா? உச்சியிலுள்ள மோட்டார் ரூமுக்குப் படியேறியே முழங்கால் போய்விட்டது. டிப்ளோமா முடித்தால் சூப்பர்வைசர், படிக்கு வேலையில்லை. இந்த ஒரு பேப்பரில் இரண்டு தடவை ஃபெயில். இன்னொரு தடவை போனால் கோர்ஸை விட்டே தூக்கிவிடுவார்கள்.

முதல் நாள், மூன்று ஓம் ரெசிஸ்டரும் நான்கு ஓம் காயிலும், அதாவது கம்பிச்சுருளும், வரிசையாக இருந்தால் மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். ஏழு என்றார். ஐந்து என்றேன். செராங்கூன் ரோட்டில் மூன்று கடை நடந்து, முனையில் திரும்பி நான்கு கடை நடந்தால், குறுக்கே பார்த்தால் ஐந்து கடை தூரம்தான் என்று படம் போட்டுக் காட்டினேன். அண்ணன் படத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“லிஃப்ட் நேரா மேலதானே போகுது டீச்சர், எங்க திரும்புது?”

கற்பனை

அந்தத் திரும்பலுக்குத்தான் j என்று பெயர், மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம், கற்பனை எண், காயிலுக்கும் கப்பாசிட்டருக்கும் அதைத்தான் போடுவோம் என்றேன். கணக்குக்காரர்கள் i என்பார்கள், நாம் அந்த எழுத்தைக் கரண்டுக்குக் கொடுத்துவிட்டோம் என்றும் சொன்னேன். ஒரு தடவை சுவிட்சை அணைத்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருந்த கப்பாசிட்டரில் கை வைத்துச் சுவரில் போய் மோதியவர் அவர்.

“கற்பனைன்னா தொட்டா ஷாக் அடிக்கக் கூடாதுலா.”

யார் முன்னால்?

கணக்கெல்லாம் வந்துவிட்டது. வோல்டேஜைவிடக் கரண்ட் முந்துமா, பிந்துமா என்பதில் மட்டும் ஒவ்வொரு தடவையும் பிளஸ்ஸை மைனஸாக்கினார். பரீட்சையோ அடுத்த வாரம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கடைசியில் கீழே கடை வாசலைக் காட்டினேன். வோல்டேஜ் மனைவி, கரண்ட் கணவன். காயில் என்பது சேலைக் கடை: மனைவி முதலில் நுழைவார், கணவன் தொண்ணூறு டிகிரி பின்தங்கி வருவார். கப்பாசிட்டர் பிரியாணிக் கடை: கணவன் முந்துவார். வெறும் ரெசிஸ்டர் என்றால் இருவரும் சேர்ந்தே எம்ஆர்டி ரயிலுக்கு நடக்கிறார்கள்.

அண்ணன் முகம் அன்றுதான் தெளிந்தது. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி.

“நான் சேலைக் கடைக்குள்ள போறதே இல்ல, வாசலோட சரி. அதுக்கு எத்தன டிகிரி?”

பரீட்சை

பரீட்சை முடிந்ததும் போன் செய்தார். குரலே சரியில்லை. விடையெல்லாம் சரியாம். ஆனால் ‘காரணம் கூறுக’ என்ற இடத்தில், அவசரத்தில், சேலைக் கடையில் மனைவி கணவனைவிடத் தொண்ணூறு டிகிரி முந்துகிறார் என்று இங்கிலீஷில் எழுதிவிட்டாராம். வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருந்தபோதுதான் உறைத்ததாம். ஒரு மனிதரின் முழங்காலை என் வாய்த்துடுக்கு கெடுத்துவிட்டதே என்று ரிசல்ட் வரும்வரை சாப்பாடே இறங்கவில்லை.

“மனைவின்னு எழுதினத அடிச்சிட்டு வோல்டேஜ்னு போட நேரம் இருந்துச்சு டீச்சர், தோணல.”

ரிசல்ட்

பாஸ். திருத்திய சீன லெக்சரர் வழியில் நிறுத்தி, அப்படியானால் கப்பாசிட்டர் எந்தக் கடை என்று விசாரித்தாராம். அண்ணன் பிரியாணி என்றதும் தலையாட்டிவிட்டுப் போனாராம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி நூர்ஜஹானைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் விறுவிறுவென்று மாடி ஏறி வந்துவிட்டார். அண்ணன் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கண் கலங்கியது. நூர்ஜஹான் அவர் வந்து சேரும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

“மோட்டார் ரூம் படி இனி இல்ல டீச்சர், அதனால கீழ சேலைக் கடைக்கு உள்ளயே வர்றேன்னு சொல்லிட்டாரு.”

அதிலிருந்து நான் எந்த வகுப்பிலும் நகைக்கடையை உதாரணம் சொல்வதில்லை; சொன்ன கடைக்குள் மனைவியோடு நிஜமாகவே போய்விடுகிறார்கள், கற்பனை என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்?